எட்டுப் புள்ளிச் சத்தம்

2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. கொலராடோவில், டென்வருக்குத் தெற்கே கேஸில் பைன்ஸ் கோல்ஃப் கிளப்பில் 18வது கிரீனை, அதாவது குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டிய புல்தரையை ஒட்டிய புல்சரிவில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அன்றைய ஆட்டக்காரர் பட்டியல், கையில் ஒரு சின்ன பென்சில். முன்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். திடீரென்று பைன் மரங்களுக்குப் பின்னால், 17வது குழி இருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கைதட்டல் மாதிரி இல்லை. முதலில் ஒரு கத்தல், பிறகு ஒரு நொடி எதுவுமே இல்லாத இடைவெளி, அப்புறம் மலைச்சரிவு முழுக்க உருண்டு வருகிற மாதிரி ஒரு பேரிரைச்சல். பெரியவர் தொப்பியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "இது ஈகிள் இல்லை, அதுக்கும் மேலே" என்றார். கொஞ்ச நேரத்தில் புள்ளிப் பலகையில் ஸ்டீவ் லோவரியின் எண் மாறியது. ஒரே குழியில் எட்டுப் புள்ளி ஏறியிருந்தது.

கோல்ஃபில் எட்டுப் புள்ளியா, அதில் குறைவாக அடிப்பவர்தானே ஜெயிப்பார் என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். பெரிய தொழில்முறைப் போட்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் அந்தப் போட்டி வேறு. அதன் பெயர் தி இன்டர்நேஷனல். 1986இல் தொடங்கி 2006 வரை, 21 வருடம் அதே மைதானத்தில் நடந்தது. இப்போது இல்லை. அது இல்லாமல் போனது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் போட்டியின் உயிரே அந்தக் கணக்கில்தான் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஓர் அளவு உண்டு, அது பார். பாரைவிட ஒன்று குறைவாகப் போட்டால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் இரட்டை போகி. வழக்கமான போட்டியில் நான்கு நாள் அடித்த அடிகளை எல்லாம் கூட்டி, யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்குக் கோப்பை. தி இன்டர்நேஷனலில் அடிகளைக் கூட்டவே மாட்டார்கள். பாருக்கு பூஜ்ஜியம். பேர்டிக்கு 2. ஈகிளுக்கு 5. ஆல்பட்ராஸுக்கு 8. போகிக்கு ஒரு புள்ளி கழியும், இரட்டை போகியோ அதைவிட மோசமோ ஆனால் மூன்று கழியும், அதற்கு மேல் எவ்வளவு சொதப்பினாலும் அந்த மூன்றுதான். நான்கு நாள் முடிவில் அதிகப் புள்ளி யாருக்கோ அவர் வென்றவர்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கிற நுழைவுத் தேர்வு எழுதியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா, துணிந்து ஒரு விடையைக் குறிக்கலாமா என்று கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு மனப்போராட்டம் இருக்குமே, அதுதான். சரியாக அமைந்தால் கிடைப்பது தப்பினால் போவதைவிடப் பெரிது என்றால், துணிகிறவனுக்குத்தான் லாபம்.

ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 18 குழியிலும் பார் எடுக்கிறார். வழக்கமான போட்டியில் அது மரியாதையான நாள். இங்கே அவருக்குப் பூஜ்ஜியம். இன்னொருவர் ஆறு பேர்டி, ஆறு போகி, ஆறு பார். அடிகளைக் கூட்டினால் முதல் ஆளுக்குச் சமம்தான், ஆனால் புள்ளியில் 12இல் 6 போக 6. மூன்றாமவர் ஐந்து பேர்டி, ஏழு போகி, மிச்சம் ஆறு பார். இவர் முதல் ஆளைவிட இரண்டு அடி அதிகமாக அடித்திருக்கிறார், வேறு எந்தப் போட்டியாக இருந்தாலும் அவருக்குப் பின்னால்தான் இருப்பார். இங்கே பத்தில் ஏழு போக மூன்று புள்ளியோடு முன்னால் நிற்கிறார். பந்தை நடுப்புல்லிலேயே வைத்துக்கொண்டு பத்திரமாக ஆடுகிறவர் இந்தக் கணக்கில் பின்தங்கியே போவார். மரத்தைத் தாண்டி அடிக்கலாம் என்று துணிகிறவருக்கு இந்தப் போட்டி வழிவிட்டது. நான் பார்த்த வரையில், அதே ஆட்டக்காரர்கள் போன வாரம் இன்னோர் ஊரில் ஆடியதற்கும் இங்கே ஆடியதற்கும் நடையிலேயே வித்தியாசம் தெரியும்.

இந்த யோசனையின் வேர் அமெரிக்காவில் இல்லை, இங்கிலாந்தில். லிவர்பூலுக்குப் பக்கத்தில் வாலசி என்ற கடலோர ஊர். அங்கே கிளப் உறுப்பினராக இருந்த ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர்தான் புள்ளி முறையை உருவாக்கியவர், 1932 மே மாதம் அந்தக் கிளப்பில் முதல் போட்டி நடந்தது. அவருக்குப் பட்ட சங்கடம் எளிமையானது. கடற்காற்றில் முதல் ஒன்றிரண்டு குழியிலேயே எட்டு, ஒன்பது என்று அடித்துவிட்ட சாதாரண ஆட்டக்காரர்கள், இனி ஆடி என்ன பயன் என்று நம்பிக்கையை விட்டுவிடுவார்கள். ஒரு குழி போனால் அந்தக் குழியோடு போகட்டும், அடுத்ததில் புதிதாகத் தொடங்கட்டும் என்று அவர் நினைத்தார். அவர் போட்ட கணக்கில் கழித்தலே கிடையாது, போகிக்குக்கூட ஒரு புள்ளி உண்டு. மனம் தளர்ந்தவனைத் தட்டிக்கொடுக்க ஒரு மருத்துவர் செய்த ஏற்பாடு அது. கழித்தலையும் சேர்த்து, பரிசையும் பெரிதாக்கி, அதைத் தொழில்முறை வீரர்களுக்கு ஏற்ற பந்தயமாக்கியது கொலராடோ.

கொலராடோவில் அதைச் செய்தவர் ஜாக் விக்கர்ஸ் என்ற எண்ணெய்த் தொழிலதிபர். ஜாக் நிக்கலஸைக் கொண்டு மைதானத்தை வடிவமைக்கச் செய்தார், 1981இல் கேஸில் பைன்ஸ் திறந்தது. கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேல். அங்கே காற்று லேசு, பந்து வழக்கத்தைவிட நெடுந்தூரம் பறக்கும், கடற்கரை ஊர்களில் பழகிய வீரர்கள் திங்கள் செவ்வாயில் வந்து தங்கள் தூரக் கணக்கை எல்லாம் திருத்தி எழுதிக்கொள்வார்கள். முதல் குழியே 644 கெஜம். மேட்டிலிருந்து கீழே பார்த்து அடிக்கிற பார் 5. அங்கே முதல் அடி அடிப்பதைப் பார்த்தால், பந்து இறங்கவே இறங்காதோ என்று தோன்றும். இருபக்கமும் பாண்டரோசா பைன் மரங்கள், வெயில் ஏறும்போது அந்தப் பட்டைகளிலிருந்து ஒரு வாசனை வரும். அந்தக் கிளப்பின் மில்க்‌ஷேக்குக்கு வீரர்கள் நடுவே பெரிய பேர் உண்டு. அதை நான் குடித்ததில்லை, வீரர்கள் கையில் தம்ளரோடு போவதைப் பார்த்ததோடு சரி.

வேலைக்காக டென்வர் பக்கம் வந்த புதிதில் எனக்குக் கோல்ஃபில் எந்த ஈடுபாடும் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் தன் டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார், அப்படித்தான் முதல் தடவை போனேன். புள்ளிக் கணக்கு புரிந்ததும் என்னால் எழுந்து வர முடியவில்லை. கோல்ஃபின் நுணுக்கம் ஒன்றும் தெரியாத ஆளுக்கும் ஒவ்வோர் அடியிலும் என்ன பணயம் இருக்கிறது என்று விளங்கியது. அடுத்த சில வருடங்களில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்து, கயிற்றோரம் நின்று, வீரர் அடிக்கத் தயாராகும்போது கூட்டத்தை அமைதியாக்கக் கையைத் தூக்கும் வேலையையும் செய்தேன்.

ஆரம்ப வருடங்களின் விதி இன்னும் கடுமையானது. ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளியை அழித்துவிட்டு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவார்கள், கடைசி நாள் யார் அதிகம் எடுத்தாரோ அவருக்கே கோப்பை. 1986இல் முதல் வெற்றியாளர் கென் கிரீன். 1989இல் கிரெக் நார்மன் 13 புள்ளியில் ஜெயித்தார், 1991இல் ஸ்பெயினின் ஒலாசபால் 10 புள்ளியில். அந்த எண்கள் ஒரே நாளின் எண்கள். எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. வியாழக்கிழமை மழையிலும் இடியிலும் பாடுபட்டுச் சேர்த்ததை ஞாயிற்றுக்கிழமை துடைத்துவிட்டு வா என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. 1993இல் நான்கு நாள் புள்ளியையும் கூட்டிக்கொள்ளும் முறை வந்தது, அந்த வருடம் 23 வயது ஃபில் மிக்கல்சன் 45 புள்ளியோடு கோப்பையை எடுத்தார். 1997இல் மறுபடியும் அவரே. அவருடைய சுபாவத்துக்கும் இந்தக் கணக்குக்கும் அவ்வளவு பொருத்தம். எப்போதுமே துணிந்து அடிக்கிற ஆள், மற்ற ஊர்களில் அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்திருக்கிறார், இங்கே அதற்குக் கூலி கிடைத்தது. 2000இல் அவர் 44 எடுத்தும் போதவில்லை. தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் 48 எடுத்தார், அந்தப் போட்டி நடந்த காலம் முழுக்க அதை யாரும் தாண்டவில்லை.

பெயருக்கு ஏற்ற மாதிரி வெளிநாட்டவர் பலர் ஜெயித்த போட்டி அது. ஃபிஜியின் விஜய் சிங் 1998இல் கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்ற அடுத்த வாரமே வந்து இதையும் வென்றார். ஆஸ்திரேலியாவின் ராட் பாம்ப்ளிங் 2004, தென்னாப்பிரிக்காவின் ரெட்டீஃப் கூசன் 2005. டேவிஸ் லவ் 1990இல் பழைய முறையிலும் ஜெயித்தார், 2003இல் புதிய முறையிலும் ஜெயித்தார், இரண்டாவது தடவை 12 புள்ளி வித்தியாசம்.

சரி, 2002க்கு வருகிறேன். அன்றைக்குப் போட்டி ரிச் பீமுக்கும் ஸ்டீவ் லோவரிக்கும் நடுவே. பீம் ஒரு காலத்தில் கோல்ஃபை விட்டுவிட்டு சியாட்டிலில் கார் ஸ்டீரியோவும் செல்போனும் விற்றுக்கொண்டிருந்தவர். லோவரி 1994இல் இதே மைதானத்தில் ப்ளே-ஆஃபில், அதாவது சமனில் முடிந்த பிறகு ஆடும் கூடுதல் ஆட்டத்தில் ஜெயித்து, பிஜிஏ சுற்று என்ற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் தன் முதல் கோப்பையை எடுத்தவர். ஞாயிறு பிற்பகல் பீம் புள்ளிகளை அள்ளிக் குவித்து 44க்குப் போய்விட்டார், லோவரி வெகுதூரம் பின்னால். இரண்டே குழி மிச்சம். வேறு போட்டியாக இருந்தால் கூட்டம் கலைந்து கார் நிறுத்துமிடம் பக்கம் நடக்கத் தொடங்கியிருக்கும். அப்போதுதான் அந்தச் சத்தம். 17வது குழி பார் 5. லோவரி இரண்டாவது அடியிலேயே பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டார். ஆல்பட்ராஸ், எட்டுப் புள்ளி, 43.

இன்னும் ஒரு குழி இருக்கிறது. பேர்டி அடித்தால் 45, கோப்பை அவருக்கு. பார் என்றால் ஒன்றும் கூடாது, ஒரு புள்ளியில் தோல்வி. நடுவே சமன் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்தக் கணக்கின் அழகை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. என்னைச் சுற்றி இருந்த ஒவ்வொருவர் முகத்திலும் அந்த எண்கள் தெரிந்தன, ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள். லோவரி கிரீனுக்கு வந்தார், பேர்டிக்காகப் பந்தைத் தட்டி உருட்ட வேண்டிய வழியைப் பார்த்தார், மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தார், திரும்பி வந்தார். பென்சிலை நான் எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்றால் விரலில் தடம் விழுந்திருந்தது. பந்து குழிக்குள் போகவில்லை.

பீமுக்கு 44, லோவரிக்கு 43. இரண்டு வாரம் கழித்து அதே பீம் மினசோட்டாவில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் டைகர் உட்ஸை ஒரே ஓர் அடியில் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் இவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டார்கள். கேஸில் பைன்ஸ் சரிவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இல்லை. துணிந்து அடித்தால் பலன் உண்டு என்பதை அவர் அங்கேதான் கையோடு கற்றுக்கொண்டு போனார் என்பது என் நம்பிக்கை.

டைகர் உட்ஸ் பெயர் வந்துவிட்டது, இனி அந்த முடிவையும் சொல்ல வேண்டும். அவர் இந்தப் போட்டியில் ஆடியது இரண்டே தடவை, 1998, 1999. அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒரு வீரர் தன் வருடத்தைத் தனக்கு வசதியாக அமைத்துக்கொள்வது அவர் உரிமை. பெரிய போட்டிக்கு முன்னால் மலைமேல் போய்த் தூரக் கணக்கை மாற்றிக்கொண்டு, திரும்பவும் பழைய கணக்குக்கு வருவது சிரமம் என்பதும் புரிகிறது. ஆனால் அந்தக் காலத்தில் தொலைக்காட்சிக்காரர்களும் விளம்பரம் கொடுப்பவர்களும் முதலில் பார்த்தது அவர் வருகிறாரா இல்லையா என்பதைத்தான். தொண்ணூறுகளில் ஸ்பிரின்ட் நிறுவனத்தின் பெயர் போட்டியின் தலைப்பிலேயே இருந்தது. அவர்கள் விலகிய பிறகு, அப்படிப் பெயர் போட்டுக்கொண்டு பெரும்பணம் தருகிற இன்னொரு நிறுவனம் நிலையாக அமையவில்லை. விக்கர்ஸும் கிளப்பும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2007இல் ஃபெடெக்ஸ் கோப்பை என்ற புதிய ஏற்பாடு வந்தது, ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் அதற்குப் போயிற்று, முழு அட்டவணையும் கலைந்து மாறியது. ஆகஸ்டில் நடந்துகொண்டிருந்த எங்கள் போட்டியை ஜூலை முதல் வாரத்துக்குத் தள்ளினார்கள். அமெரிக்கச் சுதந்திர தின வாரம், குடும்பங்கள் ஏரிக்கும் மலைக்கும் கிளம்பிவிடுகிற வாரம்.

அந்த ஜூலையும் வரவில்லை. 2007 பிப்ரவரி 8 அன்று போட்டி ரத்து என்று அறிவித்தார்கள். தலைப்பு விளம்பரதாரர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். காலி ஆன அந்த ஜூலை வாரம் வாஷிங்டனுக்குப் போனது. காங்கிரஷனல் கிளப்பில் ஏடி அண்ட் டி நேஷனல் என்று ஒரு புதிய போட்டி, அதை நடத்தியவர் டைகர் உட்ஸ். விளம்பரதாரர், தேதி, நட்சத்திரம் என்று எங்களுக்கு அமையாத எல்லாம் அங்கே ஒரே நேரத்தில் அமைந்தன. அந்தப் போட்டியும் கடைசியில் பெயர் மாறி, இடம் மாறி, 2018இல் நின்றுபோனது. ஜாக் விக்கர்ஸ் காலமானதும் அதே 2018இல்தான்.

கடைசிப் போட்டி 2006. அன்று அது கடைசி என்று கயிற்றோரம் நின்ற எங்களில் யாருக்கும் தெரியாது. ஹவாயிலிருந்து வந்த டீன் வில்சன், ப்ளே-ஆஃபில் டாம் லேமனை வென்று பிஜிஏ சுற்றில் தன் முதல் கோப்பையை எடுத்தார். அந்த வருடங்களில் ஒரு பிற்பகலில் இடி வந்தது, அந்த மலையில் கோடையில் அது அடிக்கடி வரும், சைரன் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நான் ஒரு கூடாரத்துக்குள் ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் ஒரு பாட்டி நனைந்துபோன தாளை விரித்து வைத்து, ஈரத்தில் கரைந்த எண்களை என்னிடம் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். தொடக்கத்திலிருந்து ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை என்றார். 2007 பிப்ரவரியில் செய்தி வந்தபோது எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வந்தது.

கணக்கு மட்டும் முழுதாகச் சாகவில்லை. நெவாடாவில் ரீனோ பக்கம் நடந்துகொண்டிருந்த ஒரு போட்டி 2012இல் இதே புள்ளி முறைக்கு மாறியது, பிறகு அது பாரகூடா சாம்பியன்ஷிப் என்று பெயர் பெற்றது. 2023இல் இந்திய வம்சாவளியில் வந்த அக்‌ஷய் பாட்டியா பிஜிஏ சுற்றில் தன் முதல் வெற்றியை எடுத்தது அந்தப் போட்டியில்தான். சந்தோஷம். ஆனால் முன்னணி வீரர்கள் பிரிட்டிஷ் தீவுகளில் பெரிய போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்த போட்டி அது. மிக்கல்சனும் எல்ஸும் நேருக்கு நேர் 44, 48 என்று மோதிய மாதிரி அங்கே நடக்க வாய்ப்பு குறைவாகவே இருந்தது. உலகின் முதல் வரிசை வீரர்கள் வருடத்தில் ஒரு வாரமாவது இந்தக் கணக்கில் ஆட வேண்டும் என்று நான் இன்றும் வாதாடுவேன்.

கேஸில் பைன்ஸுக்குப் பெரிய கோல்ஃப் திரும்ப வந்தது 2024 ஆகஸ்டில். பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப், 50 பேர், மைதானத்தை 8130 கெஜத்துக்கு நீட்டியிருந்தார்கள். பிஜிஏ சுற்று அதற்கு முன் அவ்வளவு நீளமான மைதானத்தில் ஆடியதில்லை. தகுதிப் பட்டியலில் ஐம்பதாவதாக, கடைசி ஆளாக உள்ளே வந்த கீகன் பிராட்லி ஜெயித்தார். ஆனால் எல்லாம் வழக்கமான அடிக் கணக்குதான். நான் கொலராடோவை விட்டு வந்து பல வருடமாகிவிட்டது, வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பைன் மரங்களையும் 17வது கிரீனையும் திரையில் பார்த்ததும் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கி ஒரு கோடு போட்டேன். யாரோ ஒருவர் 17இல் பேர்டி அடித்தார், நான் 2 என்று எழுதினேன்.

"எதுக்குப்பா ரெண்டு? டிவில மைனஸ் ஒண்ணுன்னுதானே போட்டிருக்கான்?" என்று கேட்டாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். பாருக்குப் பூஜ்ஜியம், போகிக்கு ஒன்று போகும், ஈகிளுக்கு ஐந்து. அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அடுத்த வீரரின் பெயரை எழுதி, பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டாள்.